மெழுகுருவமும் நடுகல்லும்

ஜொகூர் பாரு நகரின் கடற்கரையில் நின்று தெற்கே நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது, ஓராயிரத்து ஐம்பது மீட்டருக்குச் சற்று மிகுந்த நீளமுடைய கல்லணை ஆகும். மக்கள் அதனைப் பாலம் என்றே வழங்குவர். 1919ஆம் ஆண்டில் வேலை தொடங்கி, 1923இல் சரக்கு வண்டிகளுக்குத் திறக்கப்பெற்று, 1924ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 28ஆம் நாள் முறைப்படி திறந்துவைக்கப்பெற்றது இவ்வணை. இதன் வழியே சிங்கப்பூர் காணச் செல்லும் ஜொகூர்ப் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியரும் காணத்தக்க இடங்களுள் ஒன்று, அத்தீவுக்கும் தெற்கே, செந்தோசா என்னும் சிறு தீவிலுள்ள சிலோசோக் கோட்டை.

கோட்டைக்குள் மெழுகுருவங்களால் ஆகிய சிறு காட்சியகம் ஒன்று உண்டு. சரணடைவுக் கூடங்கள் என்பது அதன் பெயர். 1942ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சப்பானியரிடம் பணிந்ததும், 1945ஆம் ஆண்டு சப்பானியர் நேச நாட்டாரிடம் பணிந்ததும் அங்கே ஆளுயர மெழுகுருவங்களாக அமைக்கப்பட்டுள்ளன. மேசையின் இருபுறமும் தளபதிகள் அமர்ந்திருக்கின்றனர். சீருடையும் தாளும் எழுதுகோலும் உரிய இடத்தில் உள்ளன. மூச்சு ஒன்றே இல்லை. மூன்றரை ஆண்டு நிகழ்ந்த பெரும்போர் இரண்டு மேசைகளுக்குள் அடங்கிவிட்டது.

இக்காட்சியைக் காணும் பிள்ளை போரின் தொடக்கத்தையும் முடிவையும் மறவாது. அவ்வகையில் மெழுகுருவம் நல்லாசிரியனே. ஆயினும் மலாயாத் தமிழருள் போரினால் மாண்டோர் எவரும் அம்மேசைகளில் அமர்ந்தவர் அல்லர். அவர்களை எங்கே காண்பது? இவ்வினாவுக்கு விடை காண, மெழுகுருவக் கலையின் வரலாற்றையும் ஜொகூர் மண்ணின் வரலாற்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும்.

மெழுகுருவக் கலை

மனித உருவை மெழுகில் வடிக்கும் வழக்கம் ஐரோப்பாவிற் பழமையானது. இறந்த அரசரின் சவ ஊர்வலத்தில் அவர் உருவத்தைச் செய்து கொண்டுசெல்லும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்தது. முதலில் மரத்தாலும் பின்னர் மெழுகாலும் அவை செய்யப்பட்டன. அவற்றுட் சில இன்றும் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்திற் பாதுகாக்கப்படுகின்றன. உடற்கூற்று நூல் பயிலும் மருத்துவ மாணவர்க்காகவும் மெழுகில் உறுப்புகள் செய்யப்பட்டன.

பிலிப் கூர்ட்டியஸ் என்னும் மருத்துவர் இத்தகைய உறுப்புகளைச் செய்யத் தொடங்கி, பின்னர்ப் புகழ்பெற்றோர் உருவங்களை வடித்துப் பாரிசு நகரிற் காட்சிக்கு வைத்தார். அவரிடம் தொழில் பயின்றவர் மாரி குரோசோல்ட்ஸ். 1761இல் ஸ்டிராஸ்பூர்க் நகரிற் பிறந்த இப்பெண்மணியே பிற்காலத்தில் மேடம் துசாத் எனப் பெயர் பெற்றவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது தலை வெட்டுண்டோர் முகங்களை அச்செடுக்கும் கொடிய பணி தமக்கு நேர்ந்ததாக அவர் பின்னாளிற் கூறியுள்ளார். 1802இல் உருவங்களோடு இங்கிலாந்து சென்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊர்தோறும் காட்சி நடத்தி, 1835இல் இலண்டனின் பேக்கர் தெருவில் நிலையான கூடம் அமைத்தார். 1850இல் மறைந்தார்.

உருவம் செய்யும் முறை பொறுமை மிகுந்தது. முதலில் களிமண்ணில் தலையை வடிப்பர். அதன்மேற் சுண்ணச்சாந்து பூசி அச்செடுப்பர். அவ்வச்சில் உருக்கிய தேன்மெழுகை வார்ப்பர். மெழுகு குளிரும்போது சுருங்குமாதலால், களிமண் உருவை மெய்யளவினும் சிறிது பெரிதாகச் செய்வது மரபு. பின்னர்க் கண்ணாடி விழிகளைப் பொருத்தி, மயிரை ஒவ்வொன்றாக ஊசியால் நட்டு, தோலின் நிறம் வருமாறு வண்ணத்தைப் பல படலமாகத் தீட்டுவர். தலையும் கைகளுமே மெழுகு. ஆடைக்குள் மறையும் உடல் பெரும்பாலும் வேறு பொருளால் ஆகியது.

ஒன்று இங்கே கருதத்தக்கது. யாருடைய உருவை வடிப்பது என்பதை அவருடைய புகழே முடிவு செய்கிறது. முகம் அறியப்பட்டிருக்க வேண்டும். படமோ அச்சோ கிடைக்க வேண்டும். காண வருவோர்க்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். முகம் அறியப்படாதவனுக்கு மெழுகில் இடமில்லை. இது கலைஞனின் குற்றமன்று. கலையின் இயல்பே அதுவாகும்.

தமிழர் கண்ட மெழுகு

தமிழர்க்கு மெழுகு புதிதன்று. அனலிடைப்பட்ட மெழுகு என்பது உருகும் உள்ளத்துக்குப் புலவர்கள் வழிவழியாகக் கூறிவந்த உவமை. சிற்பியரோ மெழுகைத் தொழிற்பொருளாகக் கொண்டனர். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் நடைபெறும் செப்புத் திருமேனி வார்ப்பு மெழுகிலிருந்தே தொடங்குகிறது. சிற்ப நூல்கள் இம்முறையை மதுச்சிட்ட விதானம் என்னும்.

தேன்மெழுகோடு குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, அம்மெழுகில் திருமேனியை நுணுக்கமாகச் செய்வர். அதன்மேற் காவிரி வண்டலை மெல்லிய பூச்சாகப் பூசி உலர்த்துவர். அடுத்துக் களிமண்ணைத் தடிப்பாக அப்பிக் கம்பியாற் கட்டுவர். சூடேற்றும்போது உள்ளிருக்கும் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுவர். ஆறியபின் மண்ணை உடைத்துத் திருமேனியை வெளிக்கொணர்வர். ஒரு மெழுகுக்கு ஒரு திருமேனியே; அதனை ஒத்த மற்றொன்று வேண்டுமாயின் மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்க வேண்டும்.

சுவாமிமலைச் சிற்பிக்கு மெழுகு ஒரு வழி. அது மறைந்தாற்றான் நிலையானது தோன்றும். துசாத் அம்மையார்க்கு மெழுகே முடிவான உருவம். நிலையாமை அவ்வுருவத்தோடு பிறந்தது. அவர் நிறுவிய இலண்டன் காட்சிக்கூடம் 1925ஆம் ஆண்டுத் தீயில் எரிந்தது. மீண்டும் எழுப்பப்பட்டு, 1940இல் செருமானியர் வீசிய குண்டினாற் சேதமுற்றது. வெட்பத்துக்கும் தீக்கும் அஞ்சி நிற்பது மெழுகுருவத்தின் வாழ்வு. இவ்வேறுபாடு இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் தேவைப்படும்.

முதல் மேசை: 1819

சிலோசோக் கோட்டையின் கூடங்களேயன்றி, செந்தோசாவிற் சிங்கப்பூரின் முன்னோடிகள் என்னும் மெழுகுக் காட்சிக்கூடமும் முன்னர் இருந்தது. தீவின் தொடக்கக் காலத்தை அது சொல்லிற்று. பின்னர் அது பலவாறு மாற்றமுற்றது. 2014இல் மேடம் துசாத் நிறுவனத்தின் காட்சியகம் அத்தீவில் இடம்பெற்றது.

சிங்கப்பூரின் அத்தொடக்கத்திலும் ஒரு கையொப்ப மேசை உண்டு. அது ஜொகூரைச் சார்ந்தது என்பது ஜொகூர்ப் பிள்ளைகள் அறியவேண்டிய செய்தி. அந்நாளிற் சிங்கப்பூர் ஜொகூர்ச் சுல்தானகத்துக்கு உட்பட்ட தீவு. 1812இல் சுல்தான் மகமூது மறைந்தபின் அவருடைய மைந்தர் இருவர்க்கிடையே அரசுரிமை பற்றிய வழக்கு எழுந்தது. இளையவர் அப்துல் ரகுமானை ஒல்லாந்தர் ஏற்றனர். 1819ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வந்திறங்கிய இராபிள்சு, தெமெங்கோங் அப்துல் ரகுமானின் துணையோடு மூத்தவராகிய உசேனை வரவழைத்து, அவரையே சுல்தான் என ஏற்று, பிப்ரவரி 6ஆம் நாள் உடன்படிக்கை செய்துகொண்டார். ஆண்டுக்குச் சுல்தானுக்கு 5,000 இசுபானிய வெள்ளியும் தெமெங்கோங்குக்கு 3,000 வெள்ளியும் தருவதாகக் கிழக்கிந்தியக் கும்பினி இசைந்தது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவு முழுவதும் கும்பினிக்கு உரிமையாயிற்று. அத்தெமெங்கோங்கின் மைந்தர் இபுராகிமும் பேரர் அபூ பக்கரும் எதிர்க்கரையில் வளர்த்த ஊரே இன்றைய ஜொகூர் பாரு. 1855இல் தஞ்சோங் புத்ரி என்னும் பெயரோடு தோன்றிய அவ்வூர் 1866இல் இப்பெயர் பெற்றது.

அவ்வாண்டே தமிழர் ஒருவரும் சிங்கப்பூர் வரலாற்றில் நுழைகின்றார். 1819ஆம் ஆண்டு மே திங்களில் இராபிள்சு மீண்டும் வந்தபோது பினாங்கிலிருந்து உடன் வந்தவர் நாராயண பிள்ளை. செங்கற் சூளை அமைத்தும், வீடு கட்டும் ஒப்பந்தம் எடுத்தும், துணி வாணிகம் நடத்தியும் உயர்ந்தவர். 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயிலுக்கு முதற் காரணராயிருந்தவர். சிங்கப்பூர் 2019இல் இருநூறாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடியபோது, ஆற்றங்கரையில் இராபிள்சின் சிலைக்கு அருகே வேறு நால்வரின் சிலைகளைச் சில காலம் நிறுத்தினர். அவருள் ஒருவர் நாராயண பிள்ளை. இருநூறு ஆண்டுக்குப் பின்னரேனும் மேசைக்கு வெளியே நின்றவர்க்கு இடம் கிடைத்தது. ஆனால் அவரும் செல்வரும் பெயர் தெரிந்தவருமே ஆவர்.

இரண்டாம் மேசை: 1942

சிலோசோக் கோட்டையின் முதற்கூடம் காட்டுவது 1942ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15ஆம் நாள் நிகழ்ந்தது. புக்கித் தீமாவில் 1941இல்தான் திறக்கப்பெற்ற போர்டு மோட்டார்த் தொழிற்சாலையில் அன்று மாலை ஆங்கிலத் தளபதி பெர்சிவல், சப்பானியத் தளபதி யாமாசித்தாவின் முன் அமர்ந்தார். பேச்சு நெடுநேரம் நீளவில்லை. உடன்பாடா, இல்லையா என்பதை ஒரு சொல்லில் உரைக்குமாறு யாமாசித்தா வற்புறுத்தினார் என்பர். அவரிடம் வெடிமருந்து குறைந்து வந்தது. படையோ ஆங்கிலேயர் படையினும் சிறியது. அதனை மறைத்தே அவர் அவ்வாறு அச்சுறுத்தினார். மாலை ஆறு மணிக்குப் பின் பெர்சிவல் கையொப்பமிட்டார். இரவு எட்டரை மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

இக்காட்சியை உலகம் அறிந்தது நிழற்படங்களாலும் மியாமோத்தோ சபுரோ தீட்டிய ஓவியத்தாலுமே. அவ்வோவியம் வென்றவனுக்காகத் தீட்டப்பட்டது. அந்நாளில் பயன்பட்ட உண்மையான மேசை இப்போது ஆத்திரேலியாவின் தலைநகரான கான்பராவில், போர் நினைவகத்தில் உள்ளது. தொழிற்சாலைக் கட்டடம் 2006இல் போர்க்கால நினைவுக் காட்சியகம் ஆயிற்று. 2017இல் அதற்குச் சப்பானியர் சூட்டிய ஊர்ப்பெயராகிய சியோனான் என்பதைச் சேர்த்துப் பெயரிட்டபோது மக்கள் வருந்தி எதிர்த்தனர். பெயர் உடனே மாற்றப்பட்டது. எழுபத்தைந்து ஆண்டு கழிந்தும் அச்சொல்லின் காயம் ஆறவில்லை என்பதற்கு இது சான்று.

இம்மேசைக்கு வழி ஜொகூரின் ஊடாகவே வந்தது. 1942ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மூவார் ஆற்றங்கரையில் இந்தியப் படையின் 45ஆம் பிரிகேடு சப்பானியரை எதிர்த்தது. பயிற்சி நிரம்பாத இளைஞரே அதில் மிகுதி. இராசபுத்தானா, கார்வால், சாட்டுப் படைப்பிரிவினர் அவர்கள். ஆத்திரேலியரோடு சேர்ந்து போரிட்டுப் பின்வாங்கிய அவர்களின் வழி பாரிட் சூலோங்கில் அடைபட்டது. காயமுற்று நகர இயலாது எஞ்சியோர் சப்பானியர் கையில் அகப்பட்டனர். சனவரி 22ஆம் நாள், சுமார் 110 ஆத்திரேலியரும் 40 இந்தியரும் ஆகிய அக்கைதிகள் அவ்விடத்திலேயே கொல்லப்பட்டனர். பத்து பகாட் வட்டாரத்திலுள்ள அவ்வூர் வழியாகச் செல்வோர் அங்கே நினைவுச்சின்னத்தைக் காணலாம்.

சனவரி 31ஆம் நாள் ஆங்கிலப் படை ஜொகூரை விட்டுத் தீவுக்குட் புகுந்து, கல்லணையை வெடிவைத்து உடைத்தது. உடைப்பு எழுபதடி அளவினதே. பல்லாயிரம் கைகள் கல்லடுக்கி ஐந்தாண்டு எழுப்பியதை ஒரு நொடியிற் பிளந்தும் பகைவன் நிற்கவில்லை. யாமாசித்தா ஜொகூர் பாருவின் புக்கித் செரீன் அரண்மனைக் கோபுரத்தில் ஏறி நின்று எதிர்க்கரையை ஆராய்ந்தார். பிப்ரவரி 8ஆம் நாள் இரவு சப்பானியர் படகேறி நீரிணையைக் கடந்தனர். ஏழாம் நாள் மேசை போடப்பட்டது.

மெழுகுக் கூடத்தில் யாமாசித்தாவும் பெர்சிவலும் உளர். மூவாரில் வீழ்ந்த இந்தியச் சிப்பாய் இலன். எனினும் அவனுக்குப் பெயரேனும் எஞ்சிற்று. ஜொகூர் நீரிணையை நோக்கிய கிராஞ்சி மேட்டில் 1957இல் திறக்கப்பெற்ற போர் நினைவகத்தின் சுவர்களில், கல்லறை இல்லாத 24,000க்கு மேற்பட்ட வீரர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இந்தியர் பெயர்கள் வரிசை வரிசையாக உள்ளன.

மூன்றாம் மேசை: 1945

இரண்டாம் கூடம் காட்டுவது 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் சிங்கப்பூர் நகராண்மைக் கட்டடத்தில் நிகழ்ந்த சரணடைவு. தென்கிழக்காசிய நேசப்படைத் தலைவர் மௌண்ட்பேட்டன் அதனை ஏற்றார். சப்பானியர் தலைவர் தெராவுச்சி நோயுற்றமையால், அவர் சார்பில் இத்தாகாக்கி கையொப்பமிட்டார். இந்தியாவின் சார்பில் அங்கிருந்தவர் பிரிகேடியர் திம்மையா; பிற்காலத்தில் இந்தியத் தரைப்படைத் தளபதியாக விளங்கியவர். கைதிகள் சாங்கிச் சிறையில் மூன்றரை ஆண்டு மறைத்துவைத்த ஆங்கிலக் கொடியே அன்று ஏற்றப்பட்டது.

இரு மேசைகளின் மாந்தர் வாழ்வும் விந்தையாக மாறிற்று. 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் தோக்கியோ விரிகுடாவில் சப்பான் பணிந்தபோது, சிறையிலிருந்து மீண்ட பெர்சிவல் அமெரிக்கத் தளபதி மக்கார்தரின் பின்னே நின்றார். மறுநாள் பிலிப்பீன் தீவின் பாகியோ நகரில் யாமாசித்தா பணிந்தபோதும் அவர் அங்கிருந்தார். யாமாசித்தா 1946இல் மணிலாவுக்குத் தெற்கேயுள்ள லோசு பான்யோசிலும், இத்தாகாக்கி 1948இல் தோக்கியோவிலும் தூக்கிலிடப்பட்டனர்.

வெற்றி பெற்றவர் எல்லா நினைவையும் விட்டுவைக்கவில்லை. இந்திய தேசிய இராணுவத்து மாண்டோர்க்கு நேதாசி 1945ஆம் ஆண்டு சூலைத் திங்களிற் சிங்கப்பூர்க் கடற்கரைத் திடலில் அடிக்கல் நாட்டினார். அங்கே எழுந்த நினைவுத்தூணை மீண்டுவந்த ஆங்கிலேயர் அவ்வாண்டிலேயே வெடிவைத்துத் தகர்த்தனர். அத்தூண் நின்ற இடத்தில் 1995ஆம் ஆண்டு சிங்கப்பூர் அரசு குறிப்புக்கல் ஒன்றை நிறுவிற்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து அவ்விராணுவத்திற் சேர்ந்த தமிழர் பலர். மெழுகு உருகும், கல்லும் உடைபடும். இடத்தை மறவாமல் இருப்போர் இருந்தால் நினைவு மீளும்.

மேசைக்கு வராதோர்

மேற்கூறிய மூன்று மேசைகளிலும் அமராதோர் ஒரு பெருங்கூட்டத்தார். அவர்கள் ஜொகூர் முதலாய மாநிலங்களின் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர். போர் வந்ததும் இரப்பர் ஏற்றுமதி நின்றது. வேலையும் அரிசியும் குறைந்தன. அந்நிலையிற்றான் சப்பானியர் சயாமுக்கு ஆள் தேடினர்.

சயாமிலுள்ள பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை 1942ஆம் ஆண்டு நடுவில் தொடங்கி, 1943ஆம் ஆண்டு அக்டோபரில் இணைத்தனர். மலையும் காடும் ஆறும் நிறைந்த அவ்வழியைக் கருவிகள் மிகுதியாக இன்றி மனிதர் தோள்வலியாலேயே வெட்டினர். நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேற்பட்டோரும், ஆசியத் தொழிலாளர் அதனினும் பன்மடங்கினரும் அங்கே உழைத்தனர். மலாயாவிலிருந்து மட்டும் சென்றோர் 70,000க்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்.

முதலில் அவர்களுக்குக் கூறப்பட்டது நல்ல சொல்: மூன்று திங்கள் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, உணவும் உறைவிடமும் இலவசம். விரும்பிச் சென்றோர் திரும்பவில்லை. செய்தி பரவி எவரும் போக மறுத்தபோது, ஆட்களை வளைத்துப் பிடித்து வண்டியில் ஏற்றினர். வண்டியினின்று இறங்கியபின் காட்டினுள் நெடுந்தொலைவு நடந்தே செல்லவேண்டியிருந்தது. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம்தோறும் பரவிற்று.

போர்க்கைதிகட்கு அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர் இருந்தனர், இறந்தவர் பெயரையும் நாளையும் மறைவாக எழுதிவைத்தோர் இருந்தனர். ஆதலின் அவர்களுள் இறந்தோர் 12,000க்கு மேற்பட்டோர் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடிகிறது. போர் முடிந்தபின் அவர் எலும்புகளை எடுத்துவந்து காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகளை வரிசையாக அமைத்தனர். தோட்டத் தொழிலாளர்க்கோ பதிவேடு இல்லை; அவர்தம் முகாமில் முறையான மருத்துவரும் இல்லை. மாண்ட ஆசியத் தொழிலாளர் தொகை 90,000 அளவினது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட மதிப்பீடு. கூட்டிக் கழித்துக் கூறிய எண் அது. எண் மட்டும் எஞ்சிப் பெயர்கள் மறைந்தன.

பெயர் மறைந்த துயரம் வீடுகளில் தங்கிற்று. கணவன் இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்கும் நாளை அறியாத குடும்பங்கள் தோட்டத்தில் இருந்தன. மாண்டார் என்பதற்கும் உறுதி இல்லாததால், பூவும் பொட்டும் களைவதோ காத்திருப்பதோ என்று தெரியாமல் நின்ற பெண்கள் இருந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளே இன்று ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் வரலாறு படித்தோரும் கற்பிப்போரும்.

மெழுகு இவர்களை வடிக்கவில்லை. ஆயினும் மலேசியத் தமிழ் எழுத்து வடித்தது. ஆர். சண்முகம் எழுதிய சயாம் மரண ரயில் என்னும் புதினமும், அ. ரெங்கசாமி எழுதிய நினைவுச்சின்னம் என்னும் புதினமும் இக்கொடுமையைப் பொருளாகக் கொண்டவை. பதிவேட்டில் இல்லாத மாந்தரைக் கதைமாந்தராக்கிப் பெயரிட்டு அழைத்தது தமிழ்.

நடுகல்

பெயர் எழுதி வைப்பது தமிழர்க்குப் பண்டை வழக்கம். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரும் செயலும் பொறித்து வழிபடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துக் கூறுகிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் இத்தகைய நடுகற்கள் மிகுதி. அவற்றைத் தொகுத்து 1972இல் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை நூலாக வெளியிட்டது.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் உலகத்தார் வியக்கத்தக்கது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில், கருந்தேவக்கத்தி என்னும் வீரன் தொறுவின் பொருட்டு வீழ்ந்தான். அவன் வளர்த்த நாய் கள்ளரைக் கடித்துத் தன் தலைவனுக்குத் துணை நின்றது. கல்லில் வீரனின் உருவோடு நாயின் உருவும் உண்டு. கோவிவன் என்னும் அதன் பெயரும் உண்டு. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகட்கு முன்னர் ஒரு சிற்றூர் நாயின் பெயரைக் கல்லில் எழுதிக் காத்தது. இருபதாம் நூற்றாண்டில் பல்லாயிரம் மக்களின் பெயர்கள் எழுதப்படாமலே போயின.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி மலேசியத் தமிழர் சிலராலும் தாய்லாந்துத் தமிழராலும் மேற்கொள்ளப்பட்டது. தப்பிப் பிழைத்தோர் வாய்மொழிகளைத் தேடித் தொகுத்தனர். பின்னர் 2023ஆம் ஆண்டு மே திங்களில், காஞ்சனபுரியிலுள்ள பௌத்தக் கோயில் ஒன்றின் வளாகத்தில், மாண்ட தமிழர் நினைவாகக் கல் நாட்டினர். அதற்கு நடுகல் என்றே பெயரிட்டனர். தமிழ்நாட்டு அரசும் பொருளுதவி புரிந்தது. போர் முடிந்து எழுபத்தெட்டு ஆண்டு கழிந்து எழுந்த கல் அது.

ஆசிரியர் கடன்

மெழுகுருவம் வேண்டாவென்பது இதனாற் கொள்ளத்தக்க முடிவாகாது. புத்தகத்திற் படித்த பெயர் ஆளுருவாய் முன்னிற்கும்போது சிறுவர் உள்ளம் விழித்தெழும். போரின் முடிவு ஒரு தாளில் இடும் கையொப்பத்தில் அமைகிறது என்பதையும், அக்கையொப்பம் இடுவோரும் வியர்க்கும் மாந்தரே என்பதையும் அவ்வறை ஒரு பார்வையில் உணர்த்திவிடுகிறது. சிறு காட்சியகம் இவ்வளவு செய்தாற் போதும்.

எஞ்சியது ஆசிரியர் செய்யவேண்டுவது. மேசையின் இருபுறமும் அமர்ந்தோர் பெயர்களைப் பிள்ளைகள் படித்து முடித்ததும், அம்மேசைக்கு வெளியே நின்றோரை அவர் எடுத்துரைக்கலாம். ஜொகூருக்குத் திரும்பும் வழியில் கிராஞ்சியில் இறங்கிச் சுவரிலுள்ள பெயர்களைப் படிக்கச் செய்யலாம். கல்லணையைக் கடக்கும்போது, இதனை அடுக்கியவர் யார், இதனை உடைத்தபின் நேர்ந்தது என்ன என்று கேட்கலாம். பின்னர் ஒரு வீட்டுப்பாடம் தரலாம்: சிகாமட்டிலோ குளுவாங்கிலோ கோத்தா திங்கியிலோ உள்ள தம் குடும்பத்து முதியோரை வினவி, சயாமுக்குச் சென்றவர் எவரேனும் உண்டா, அவர் பெயர் என்ன, எத்தோட்டத்தினின்று சென்றார் என்று எழுதிவருமாறு பணிக்கலாம்.

சயாம் கண்டு மீண்டவர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அவர் மக்கள் முதுமை எய்திவிட்டனர். தந்தை பெயரைச் சொல்லக்கூடிய வாய்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன. சுவாமிமலைச் சிற்பி மெழுகு உருகி ஓடும் அப்பொழுதே உலோகத்தை ஊற்றுகிறான். தாழ்த்தால் அச்சு குளிர்ந்து உருவம் குறைபடும். தோட்டத்து முதியோர் நினைவும் அவ்வாறே உருகிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் எழுதிவரும் பெயர்கள் பத்தே ஆயினும், காஞ்சனபுரிக் கல்லுக்கு அவை உரியவை. அப்பத்துப் பெயர்களையும் பள்ளிப் பதிவேட்டில் தேதியிட்டு எழுதிவைப்பது ஆசிரியர் கடன்.